ஆய்வில் சேரச் சொல்லிப் போம் தந்திருக்கிறார்கள், அம்மா பயப்படுகிறார். கையெழுத்து வைக்கலாமா?

கேள்வி: உப்புவெளி வாசகி, 2025 ஆகஸ்ட் 3

அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய். ஒப்பரேஷன் முடிந்துவிட்டது, இனிக் கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) பிடிக்க வேண்டும். போன இடத்தில் ஓர் ஆய்வில் சேரச் சொல்லி ஒரு போம் தந்தார்கள். சிகிச்சை எல்லாருக்கும் போலத்தானாம். கூடுதலாக இப்போது ஒரு சிடி ஸ்கான், ஒரு வருடம் கழித்து இன்னொன்று. "எங்களை எலி ஆக்கப் பார்க்கிறார்கள், கையெழுத்து வைக்காதே" என்கிறார் மாமா. போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 3, இரவு 9.50

மாமா சொல்வதில் பாதி நியாயம். அந்தப் பாதியைப் பிறகு எழுதுகிறேன். முதலில் மற்றப் பாதி.

நான் டவுனில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் பெரியம்மாவுக்கும் உங்கள் அம்மாவின் அதே வருத்தம். கொழும்புப் பக்கம் மஹரகமவில் கரண்ட் பிடித்தபோது கூட நின்றது நான்தான். திங்கள் முதல் வெள்ளி வரை, மூன்று கிழமை, மொத்தம் 15 தரம். முன்பெல்லாம் இதே சிகிச்சைக்கு 5 கிழமை, 25 தரம். குறைந்த அந்தப் பத்துத் தரமும் தானாகக் குறையவில்லை. 1999இல் பிரித்தானியாவில் ஸ்டார்ட் என்ற பெயரில் இரண்டு ஆய்வுகள் தொடங்கின. அதில் ஒன்றில் 2,215 பெண்கள். ஒரு பாதிப் பேருக்கு 25 தரத்தில் 50 கிரே (சிகிச்சைக் கதிரை அளக்கும் அலகு), மறுபாதிக்கு 15 தரத்தில் 40 கிரே. யாருக்கு எது என்பதை டொக்டரும் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கி எடுப்பது போலக் கணினி பிரித்தது. பத்து வருடம் பார்த்தார்கள். 15 தரக்காரருக்கு நோய் கூடுதலாகத் திரும்பவில்லை. மார்பு சுருங்குவதும் வீங்குவதும்கூட அவர்களிடம் குறைவாகவே இருந்தது.

கொழும்பில் வீடிருப்பவருக்கு அந்தப் பத்து நாள் பெரிதாகத் தெரியாது. எங்களுக்கு அது இரவு ரயில், கோட்டையில் இறங்கி 138 பஸ், வாடகை அறை, அறையில் சமைக்கக் கூடாது என்பதால் கடைச் சாப்பாடு. மெஷினில் படுக்கிற நேரம் சில நிமிடம்தான், அதற்குக் காலை முழுக்க வாங்கில். கதிர் விழ வேண்டிய இடத்தைக் காட்ட மார்பில் போட்ட கோடு வியர்வையில் அழியாமல் பார்க்க வேண்டும். (முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்ந்த பருத்திச் சட்டை தைத்துக்கொள்ளுங்கள். இதை யாரும் எங்களுக்கு முதலிலேயே சொல்லவில்லை.) பெரியம்மாவுக்கு இரண்டு கிழமையை மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்கள் முகம் தெரியாத அந்த 2,215 பேர். அவர்கள் எலிகள் இல்லை.

இன்னொன்று. வீடு வந்த பெரியம்மாவின் மடியில் பேரப்பிள்ளையை விட ஒருவரும் துணியவில்லை. உடம்பில் கதிர் ஒன்றும் தங்காது. எந்த ஸ்கானிலும் தங்காது. பயப்படாதீர்கள்.

ஆகஸ்ட் 3, இரவு 11.15

படுத்த பிறகுதான் நினைவு வந்தது. போம் எந்த மொழியில் இருக்கிறது?

ஆகஸ்ட் 4, காலை

சிங்களமும் ஆங்கிலமும் மட்டும் என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம். மறுக்கச் சொல்லவில்லை. தமிழில் தாருங்கள் என்று கேளுங்கள்.

பெரியம்மாவுக்கும் இதே கதைதான். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு தாளை நீட்டி, விரலால் இடத்தைக் காட்டி, "இங்கே" என்றார்கள். பெரியம்மா பேனையை எடுத்துவிட்டார். நாற்பது வருடம் கச்சேரியிலும் வங்கியிலும் விளங்காத தாள்களில் கையெழுத்து வைத்துப் பழகிய கை அது. நான் தடுத்தேன். தடுத்ததற்காக ஒருவரும் கோபிக்கவில்லை. மறுநாள் தமிழ் தெரிந்த ஒரு மிஸ்ஸியைக் கூட்டிவந்து முக்கால் மணித்தியாலம் இருந்து கதைத்தார்கள். நாலு நாளில் தமிழ்ப் படிவமும் வந்தது. அது முன்னமே அச்சடித்து எங்கேயோ ஓர் அலுமாரியில் இருந்திருக்கிறது! கேட்காததால் எடுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரியும்.

ஆகஸ்ட் 5

மாமாவின் பாதி.

1969, இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரம். தெற்காசியாவிலிருந்து போய்க் குடியேறிய 21 பெண்களுக்குக் கதிரியக்க இரும்பு கலந்த சப்பாத்தி கொடுத்தார்கள். ரொட்டியில் உள்ள இரும்பை உடம்பு எவ்வளவு எடுக்கிறது என்று பார்க்கும் ஆய்வு. இரத்தசோகை அந்தப் பெண்களிடம் அதிகம் என்பதால், நோக்கம் என்னவோ நல்லதுதான். ஆனால் பலருக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது. எதற்குச் சம்மதித்தோம் என்று விளங்காமலே சாப்பிட்டார்கள். பிறகு அளந்து பார்க்க ஹார்வெல் அணுசக்தி நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். 1995இல் தொலைக்காட்சியில் வந்த பிறகுதான் இது ஊருக்குத் தெரிந்தது.

அமெரிக்காவில் சின்சினாட்டியில் நடந்தது இதைவிடக் கொடுமை. 1960 முதல் 1971 வரை, புற்றுநோயாளிகளின் முழு உடம்புக்கும் கதிர் கொடுத்தார்கள். பாதுகாப்பு அமைச்சுப் பணம் கொடுத்தது. அணுகுண்டு விழுந்தால் படைவீரனுக்கு என்ன ஆகும் என்று அதற்குத் தெரிய வேண்டியிருந்தது. படுத்தவர்களில் பெரும்பாலானோர் ஏழைகள், கறுப்பினத்தவர்கள். 1994இல் கிளின்டன் அரசாங்கம் இதையெல்லாம் விசாரிக்கக் குழு போட்டது. மறு வருடம் அறிக்கை வந்தது.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கான ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964லேயே எழுதியாயிற்று. கவன்ட்ரி அதற்கு ஐந்து வருடம் பிந்தியது. விதி தாளில் இருந்தது, ஆனால் அந்தப் பெண்களின் சமையலறைக்கு அவர்களுடைய பாஷையில் அது போய்ச் சேரவில்லை. தமிழ்ப் படிவம் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

ஆகஸ்ட் 9

ஸ்கானில் கதிர் எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். அதை அளக்கும் அலகு மில்லிசீவர்ட். உலகத்தில் யாரும் சும்மா இருந்தாலே மண், காற்று, வானம், சாப்பாடு எல்லாவற்றிலிருந்தும் சராசரியாக வருடம் 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறோம். மார்பு எக்ஸ்ரே ஒன்று சுமார் 0.1. மார்புச் சிடி சுமார் 6, 7. புல்மோட்டைக்காரர் ஒருவர், "எங்கள் மணலிலும் கதிர் இருக்கிறதாமே" என்று கேட்டார். உண்மைதான், அந்தக் கறுப்பு மணலில் இல்மனைட்டோடு மோனசைட்டும் உண்டு. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. கதிர் எங்களுக்குப் புதிய விருந்தாளி இல்லை.

கரண்ட் பிடிப்பதில் 40 கிரே என்றேன். அதாவது 40,000 மில்லிசீவர்ட். அதன் பக்கத்தில் சிடியின் 7 ஒரு பொருட்டே இல்லை.

ஆகஸ்ட் 10

நேற்று எழுதிய கடைசிப் பந்தியை நம்ப வேண்டாம். கதிர்ச் சிகிச்சை அறையில் வேலை செய்யும் ஒரு தம்பி மட்டக்களப்பிலிருந்து எழுதித் திருத்தினார். அந்த 40 கிரே விழுவது மார்பில் ஒரு கைப்பிடி இடத்தில். மில்லிசீவர்ட் என்பது முழு உடம்புக்கும் ஈடுகட்டிச் சொல்கிற கணக்கு. இரண்டையும் ஒரே தராசில் போட்டது என் பிழை. பிழையை விடவும் அதிலிருந்து நான் எடுத்த முடிவு மோசம். ஏற்கெனவே நிறைய வாங்கியவர்தானே, இன்னும் கொஞ்சம் வாங்கட்டும் என்பது எவ்வளவு பிழையான நியாயம்! சிகிச்சைக் கதிர் அம்மாவுக்காக. ஆய்வின் கூடுதல் ஸ்கான் பிறருக்காக. அது சின்னதாக இருந்தாலும் தனியாகத்தான் நியாயம் சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரு வழிகாட்டல் இருக்கிறது. சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணைக்குழு 1992இல் வெளியிட்டது. கூடுதல் கதிர் 0.1 மில்லிசீவர்ட்டுக்குக் குறைவென்றால், வெறுமனே அறிவு வளர்ந்தாலும் போதும். 1 முதல் 10 வரை என்றால், நோயைக் கண்டுபிடிக்கவோ மாற்றவோ தடுக்கவோ நேராக உதவ வேண்டும். 10க்கு மேல் போனால், உயிர் காப்பது அல்லது கடும் நோயைத் தடுப்பது போன்ற பெரிய பயன் இருக்க வேண்டும். 50 வயது தாண்டியவர்களுக்கு இந்த எல்லைகளில் தளர்வு உண்டு. இரண்டு முழு அளவுச் சிடி என்றால் 10ஐத் தாண்டலாம். ஆகவே உங்கள் கேள்வி இதுதான்: "இந்த இரண்டு ஸ்கானில் எது சிகிச்சைக்கு எப்படியும் எடுப்பது, எது ஆய்வுக்கென்றே எடுப்பது? அதன் அளவு எவ்வளவு?" எழுதி எடுத்துப் போங்கள், அங்கே போனால் மறந்துவிடும்.

ஆகஸ்ட் 17

"எந்த ஸ்கானிலும் தங்காது" என்று முதல் நாள் எழுதியதும் பிழை. பெரியம்மாவே நினைவுபடுத்தினார். எலும்பு ஸ்கானுக்கு முன் அவருக்கு ஊசி போட்டு, "இன்றைக்குச் சின்னப் பிள்ளைகளைத் தூக்காதீர்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்றார்களாம்.

வெளியிலிருந்து பிடிக்கிற கரண்டும், எக்ஸ்ரேயும், சிடியும் மின்குமிழ் போல. அணைத்தால் அணைந்ததுதான். ஆனால் ஊசியாகவோ மருந்தாகவோ உள்ளே போவது கொஞ்ச நேரம் இருக்கும். எலும்பு ஸ்கானுக்குப் போடுகிற டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் 6 மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பாதியாகும். பெட் (PET) ஸ்கானுக்குப் போடுகிற கதிரியக்க ஃப்ளோரின் 110 நிமிடத்துக்கு ஒரு தரம். தைரொய்ட் புற்றுநோய்க்குக் கொடுக்கிற அயடீன் 131 பாதியாக 8 நாள், அதனால்தான் அவர்களைத் தனி அறையில் வைக்கிறார்கள். ஆய்வில் ஊசி ஸ்கான் இருந்தால், வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆகஸ்ட் 24

மூதூரிலிருந்து ஓர் ஐயா கேட்கிறார்: வருத்தம் ஒன்றுமில்லாதவர்களையும் மூளை எம்ஆர்ஐ ஆய்வுக்கு எடுக்கிறார்கள், போகலாமா, கதிர் உண்டா?

ஐயா, எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே வகைக் கதிர் கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். ஆனால் 1.5 டெஸ்லா மெஷின் என்றால் பூமியின் காந்தத்தைப் போல் சுமார் 30,000 மடங்கு. இங்கே நான் எங்கள் ஊர்க்காரர்களுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். போகுமுன் நிரப்பத் தரும் தாளில் இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, செயற்கை மூட்டு உண்டா, கண்ணில் இரும்புத் துகள் பட்டதா என்றெல்லாம் கேட்பார்கள். செல் (எறிகணை) துண்டு உடம்பில் இருக்கிறதா என்று எங்கள் பேச்சில் கேட்காமலும் போகலாம். எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் முதுகிலும் தொடையிலும் அதோடு நடமாடுகிறார்கள்! பல வருடமாக வலிக்காததால் மறந்தும் விட்டார்கள். சிலருக்கு அதைச் சொன்னால் எங்கே, எப்போது பட்டது என்று விசாரணை வருமோ என்ற பயம். சொல்லுங்கள். காந்தம் இழுக்கிற இரும்பாக இருந்து, கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ இரத்தக் குழாய்க்கோ கிட்ட இருந்தால் பேராபத்து. ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவு சொல்வார்கள். வெல்டிங் செய்பவர்களும் இப்படியே கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெண்களுக்கு: தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் தாலிக்கொடியில் குத்தி வைத்திருக்கும் சேப்டி பின்னை இழுக்கும். தாலியைக் கழற்றச் சொன்னால் மனம் சங்கடப்படும், தெரியும். பெரியம்மாவின் மகள் வீட்டிலேயே மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 31

"இலவசமாக ஸ்கான் எடுக்கிறார்கள் என்றால் லாபம்தானே" என்று ஒருவர். இல்லை. இதற்கு என் அத்தானின் கதை.

அவர் இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறார். யூகே பயோபேங்க் என்று ஒன்று அங்கே 2006 முதல் 2010 வரை, 40 முதல் 69 வயதுக்காரர் ஐந்து லட்சம் பேரைச் சேர்த்தது. 2014இலிருந்து அவர்களில் பலரை அழைத்து மூளை, இதயம், வயிறு எல்லாம் எம்ஆர்ஐ எடுத்தார்கள். 2025 ஜூலையில் ஒரு லட்சம் பேரை முடித்தார்கள். அத்தானும் போனார், பாதி நாள் வேலை. பெருமையாகப் படம் எல்லாம் அனுப்பினார். பிறகு கடிதம் ஒன்றும் வராததால், தனக்கு ஒரு நோயும் இல்லை என்று முடிவு கட்டி, பிரஷர் பார்க்கப் போவதையே விட்டுவிட்டார். அக்கா அந்தத் தாள்களை எடுத்து வாசித்துக் காட்டினாள்: இது வைத்தியப் பரிசோதனை அல்ல, தனித்தனி முடிவு சொல்வதில்லை, கடுமையானது என்று சந்தேகம் கண்ணில் பட்டால் மட்டும் அறிவிப்போம். தெளிவாகத்தான் எழுதியிருந்தது. அத்தான் வாசிக்கவில்லை.

ஆய்வுக்காரர் தேடுவது ஆயிரம் பேரில் தெரியும் ஒரு போக்கை. உங்கள் கல்லீரலை உட்கார்ந்து ஆராய்வது அவர்கள் வேலை இல்லை. "எதேச்சையாக எதையாவது கண்டால் எனக்குச் சொல்வீர்களா, யார் சொல்வீர்கள்" என்று முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

பெயரை எடுத்துவிட்டுத்தானே படத்தை வைப்பார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். எடுப்பார்கள். ஆனால் தலை எம்ஆர்ஐயிலிருந்து முகத்தையே திரும்ப வரைய முடியும். 2019இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 84 பேரின் ஸ்கானை முகம் அறியும் மென்பொருளில் போட்டார்கள். 83 வீதம் பேரைச் சரியாகப் பிடித்தது. அதனால் பகிர்வதற்கு முன் முகப்பகுதியை அழித்துவிடும் வழக்கம் இருக்கிறது. உங்கள் அம்மாவுடையது மார்புப் படம், இந்தப் பிரச்சினை இல்லை. மூதூர் ஐயா கேட்டுக்கொள்ளட்டும்.

செப்டெம்பர் 7

அந்த 2,215 பேரைப் பற்றி எழுதியதை இன்று திரும்ப வாசித்தேன். நல்லபடி முடிந்த கதையை மட்டும் சொல்லியிருக்கிறேன். அது நேர்மையில்லை.

அதற்குப் பிறகு வந்த ஃபாஸ்ட் ஃபோர்வர்ட் என்ற ஆய்வும் பிரித்தானியாவில்தான். 2011 முதல் 2014 வரை 4,096 பேர் சேர்ந்தார்கள். 15 தரத்தையும் 5 தரமாக்க முடியுமா, ஒரே கிழமையில் முடிக்கலாமா என்பது கேள்வி. மூன்று பிரிவு: 15 தரத்தில் 40 கிரே, 5 தரத்தில் 27 கிரே, 5 தரத்தில் 26 கிரே. 2020இல் முடிவு வந்தது. 26 கிரே, நோயைத் தடுப்பதில் பழையதற்குக் குறைவில்லை. இன்று பல நாடுகளில் ஒரே கிழமையில் சிகிச்சை முடிவது அதனால்தான்.

ஆனால் 27 கிரே வாங்கியவர்கள்? ஐந்தாம் வருடம் மார்பில் மிதமான அல்லது கடுமையான பக்கவிளைவு 15.4 வீதம் பேருக்கு. 40 கிரே பிரிவில் அது 9.9, 26இல் 11.9. ஒரு தரத்துக்கு 0.2 கிரே வித்தியாசம், அவ்வளவுதான். அந்தப் பெண்களில் சிலருடைய மார்பு இறுகிச் சுருங்கியதால்தான் 26 சரி, 27 கூடுதல் என்று உலகத்துக்குத் தெரிந்தது. யாரும் அவர்களை ஏமாற்றவில்லை. எது கூடுதல் என்று தொடங்கும்போது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லை.

இதை எழுதினால் சேர நினைப்பவர் பின்வாங்குவாரே என்று இரண்டு நாள் யோசித்தேன். பின்வாங்கினால் வாங்கட்டும். இது தெரிந்தும் சம்மதிப்பதுதான் சம்மதம். மாமாவின் "எலி" என்ற சொல்லுக்கு என்னிடம் உள்ள பதிலும் இதுதான். எலியிடம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

உங்கள் அம்மாவுக்குச் சிகிச்சையில் குலுக்கல் இல்லை, கூடுதல் படம் மட்டும் என்கிறீர்கள். அதையும் படிவத்தில் பார்த்து உறுதிப்படுத்துங்கள்.

செப்டெம்பர் 12

இடையில் விலகலாமா? விலகலாம். பெரியம்மா விலகினார்.

அவர் சேர்ந்தது வருடத்துக்கு இரண்டு தரம் போய்த் தோலைக் காட்டி, படம் எடுத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஆய்வு. முதல் வருடம் போனார். பிறகு முழங்கால் வலி, இரவு ரயில் முடியவில்லை. ஆனால் விலக மனமில்லை, "சொன்ன சொல்லை மீறுறதா" என்று மாதக்கணக்கில் உழன்றார். கோணேசர் கோயிலுக்குப் போய் வந்தும் மனம் ஆறவில்லை. கடைசியில் நான்தான் போன் எடுத்தேன். "அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள், இதுவரை தந்ததே பெரிது" என்றார்கள். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி வழமைபோல் இருந்தது, சிகிச்சையில் ஒரு குறையும் வரவில்லை. தந்த விபரங்களை வைத்திருக்கலாமா, அழிக்க வேண்டுமா என்றும் கேட்டார்கள். பெரியம்மா வைத்திருக்கச் சொன்னார்.

பயணக் காசு தருவார்களா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். நாங்கள் வெட்கப்பட்டு முதல் இரண்டு தரமும் கைக்காசில் போனோம். படிவத்தில் ஒழுக்காற்றுக் குழுவின் அனுமதி இலக்கமும், ஆய்வுக்காரர் அல்லாத ஒருவரின் தொலைபேசியும் இருக்க வேண்டும். சிகிச்சையைப் பிரித்துக் கொடுக்கும் ஆய்வென்றால், இலங்கை மருத்துவச் சங்கத்தின் பரிசோதனைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம்.

செப்டெம்பர் 13

மேலே "ஒழுக்காற்று" என்று எழுதிவிட்டேன். அது தண்டிக்கிற குழு. சரியான சொல் நெறிமுறைக் குழு. மாமா அதைப் பிடித்துக்கொண்டு பயந்துவிடப் போகிறார்.

ஒக்டோபர் 4

உங்கள் பதிலை இரண்டு தரம் வாசித்தேன், பெரியம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். தமிழ்ப் படிவம் வந்தது, அதை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியது மாமாதான் என்று எழுதியிருக்கிறீர்கள்! இரண்டு இடத்தில் நிறுத்தி, "இது என்ன" என்று கேட்கச் சொன்னாராம். முதல் ஸ்கான் சிகிச்சைத் திட்டத்துக்கு எப்படியும் எடுப்பது, இரண்டாவதுதான் ஆய்வுக்கு, அதுவும் குறைந்த அளவில் என்று எழுத்திலேயே தந்திருக்கிறார்கள். நல்லது. அம்மா ஒரு நாள் யோசித்துக் கையெழுத்து வைத்தது அதைவிட நல்லது. வைக்காமல் விட்டிருந்தாலும் நான் இதையேதான் எழுதியிருப்பேன்.

ஞாயிறு இரவு ரயில் என்கிறீர்கள். பெரியம்மாவின் பொத்தான் வைத்த சட்டை மூன்று இருக்கிறது, தோய்த்து மடித்து வைத்திருக்கிறோம். அம்மாவின் அளவைச் சொன்னால் பெரியம்மா பிடித்தோ விட்டோ தருவாராம். சனிக்கிழமை பின்னேரம் ஸ்டேஷன் பக்கம் கொண்டுவருகிறேன்.